பின்சீட்

கிரேலிங் ஏரி
செப்டம்பர் 6, 1979, வியாழன்

அன்புள்ள லியோனா அக்காவுக்கு,

மெர்ல் எழுதுவது. இங்கே நான் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால், ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் ஆவல் வந்ததா என்று கேட்பாய். கேள். உனக்கு அந்த உரிமை உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுமுனையில் இருந்த ஆஸ்ட்பி குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. இந்த வழியில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். ஒருவனுக்காகப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை தபால் விமானம் விட முடியாதாம். வருகிற மே மாதக் கடைசி வியாழனோடு நிறுத்துகிறார்கள். தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு ரேடியோவில் காட்டில் இருப்பவர்களுக்கு வந்த சேதிகளைப் படிக்கிறார்களே, அதில் போன வாரம் இதையும் படித்துவிட்டார்கள். சுற்றி நானூறு மைலில் உள்ள அத்தனை பேரும் என்னோடு சேர்ந்து கேட்டிருப்பார்கள். நீ கேட்டிருக்க மாட்டாய். டேல் அத்தானைப் புதைத்த அன்று, "என் சேதி போய்ச் சேராத ரேடியோவை இனிமே நான் தொட மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் எழுதித் தெரிவிக்கிறேன்.

சாலை இல்லாத இடத்தில் விமானமும் இல்லை என்றால் நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷம் இந்த ஏரிக்கரையில் இருந்துவிட்டேன். டவுனில் ஒரு அறை எடுத்து, ஜன்னல் வழியாக அடுத்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. ஆகவே சொந்தமாக ஒரு சின்ன விமானம் வாங்கப் போகிறேன்.

சிரிக்காதே. தபால் கொண்டுவரும் ஆர்டன் இரண்டு கோடையாக என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறான். முப்பத்தொரு மணி நேரம். "அம்பத்தேழு வயசுல உனக்கு இது தேவையா?" என்று கேட்டுக்கொண்டேதான் கற்றுக்கொடுக்கிறான். எந்த விமானத்தை வாங்குவது என்று மட்டும் அவனைக் கேட்டால் தான் விற்க நினைக்கும் விமானத்தைச் சொல்கிறான். உனக்குத் தெரிந்த அளவு விமானத்தைப் பற்றித் தெரிந்தவர் என் பழக்கத்தில் வேறு யாரும் இல்லை. பதில் எழுதுவாயா?

ஆர்டன் காபியைக் குடித்துவிட்டு விமானத்தைச் சுற்றி நடக்கிறான். உறையை ஒட்ட வேண்டும்.

தம்பி,
மெர்ல்

•

பால்மர்
செப்டம்பர் 17, 1979

மெர்லுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். இடது முட்டி மட்டும் நலமில்லை. அதை நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

இன்னும் அதே ஹாங்கரில், விமானக் கொட்டகையில்தான் வேலை. கிழிந்த இறக்கைகளுக்குத் துணி தைத்துப் போர்த்துகிறேன். அதனால் எந்த விமானம் எந்தத் தரையில் கிழிகிறது என்று எனக்குத் தெரியும். முதல் விமானம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். இறங்கப் போகிற இடத்தைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. நீயும் எழுதவில்லை.

விமானம் இறங்க உன் கரையில் இருக்கும் திட்டு எத்தனை அடி நீளம்? காலால் அளக்காதே, கயிறு போட்டு அள. இரண்டு முனையிலும் என்ன இருக்கிறது? காற்று எந்தப் பக்கம்? எத்தனை பேர் ஏறுவீர்கள்?

நீ ஒருவன் மட்டும்தான் என்றால், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு சீட் இருப்பதே போதும். இங்கே எல்லோரும் செய்வதுபோல் வாங்கிய அன்றே பின்சீட்டைக் கழற்றிக் கொட்டகையில் ஆணியில் மாட்டிவிடு. அந்த இடத்தில் மாவு மூட்டை வைத்துக்கொள்ளலாம். எடையும் குறையும்.

வேறு எழுத ஒன்றும் தோன்றவில்லை.

லியோனா

•

கிரேலிங் ஏரி
அக்டோபர் 4, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முட்டி எப்படி இருக்கிறது? இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன்.

கயிறு போட்டு அளந்தேன். எழுநூற்றுப் பத்து அடி. இத்தனை வருஷமும் எண்ணூறு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தொண்ணூறு அடியை எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முழுக்க ஆற்றுக் கூழாங்கல். தெற்கு முனையில் ஸ்ப்ரூஸ் மரங்கள், நாற்பது அடி இருக்கும். வடக்கே ஏரி. காற்று பெரும்பாலும் ஏரிப் பக்கமிருந்து. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன் மேலேயே இறங்கலாம்.

எத்தனை பேர் என்று கேட்டிருந்தாய். ஒருவன். வேறு யார் வரப்போகிறார்கள்? சாம்பல் நிறக் குருவி ஒன்று தினமும் வந்து என் அப்பத்தைத் திருடித் தின்கிறது. அதற்குச் சொந்தமாகவே இறக்கை இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், திட்டாதே. ஆர்டன் விட்டுப்போன பழைய பத்திரிகையில் நாலு சீட் ஸ்டின்சன் ஒன்றின் படம் பார்த்தேன். பின்னால் சோபா மாதிரி அகலமாக இருக்கிறது. மனசு அங்கேயே நிற்கிறது.

18ஆம் தேதி ஆர்டனோடு ஆங்கரேஜ் போகிறேன். விமானிக்கான மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு நவம்பர் 1 திரும்புவேன். அது கையில் இருந்தால்தான் தனியாக ஓட்ட விடுவார்கள். என் கண் பருந்துக் கண். பயம் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சின்னக் கடிதம்தானே, அதனால் நேரம் ஆகவில்லை.

மெர்ல்

•

பால்மர்
அக்டோபர் 15, 1979

அன்புள்ள மெர்லுக்கு,

முட்டி அப்படியே இருக்கிறது. கேட்டதற்கு நன்றி.

நாலு சீட்டா? டேல் இருந்திருந்தால், "மச்சான், மீதி மூணு சீட்ல யாரை உக்கார வைக்கப் போறே?" என்று கேட்டு ஒரு வாரம் சிரித்திருப்பார். அந்த ஸ்டின்சன் நல்ல விமானம். பதவிசாக இறங்கும். ஆனால் சுமையோடு எழும்ப நீளமான தரை கேட்கும். எழுநூற்றுப் பத்து அடியில் உன் ஸ்ப்ரூஸ் மரங்களைத் தாண்டும்போது நீ கண்ணை மூடிக்கொள்வாய். கண் பருந்துக் கண்ணாக இருந்து என்ன பயன்?

அடுத்து யாராவது உன்னிடம் செஸ்னா 180 வாங்கச் சொல்வார்கள். உலோக உடம்பு, பலசாலி, எதையும் தூக்கும். ஆனால் முதல் விமானமாக அது வேண்டாம். நீ யோசித்து முடிப்பதற்குள் அது செய்து முடித்துவிடும். பெட்ரோலும் அண்டா அண்டாவாகக் குடிக்கும். உனக்கு ஒவ்வொரு பீப்பாயும் பறந்துதான் வந்தாக வேண்டும் என்பதை மறக்காதே.

சூப்பர் கப் பார், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று சீட் என்று நான் சொன்ன வகை. துணி போர்த்திய உடம்பு, குளிரும், காது அடைக்கும், எங்கும் சீக்கிரம் போய்ச் சேராது. ஆனால் பெரிய டயர் மாட்டினால் உன் திட்டில் பாதித் தூரத்திலேயே நின்றுவிடும். நீ தப்புச் செய்தால் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கும். தப்புச் செய்யாதவனுக்கு எந்த விமானமும் போதும். நீ அப்படிப்பட்டவன் இல்லை. நம் குடும்பத்தில் யாரும் இல்லை.

ஆங்கரேஜிலிருந்து பால்மர் நாற்பது மைல். பஸ் இருக்கிறது. சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுது.

லியோனா

•

(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

கிரேலிங் ஏரி
நவம்பர் 7, 1979, புதன்

அக்கா,

இன்று மதியம் ரேடியோவில் என் பெயர் வந்தது. "கிரேலிங் ஏரி மெர்லுக்கு. இதயப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. விமானிச் சான்று தர இயலாது. மாத்திரை தபாலில் வருகிறது. டாக்டர் அலுவலகம்." அதற்கு அடுத்த சேதி யாரோ ஒரு பெண்ணுக்குப் பேரன் பிறந்தது. அறிவிப்பாளர் இரண்டையும் ஒரே குரலில் படித்தார். அவரைக் குற்றம் சொல்லி என்ன, மூச்சு விடாமல் நாற்பது சேதி படிக்க வேண்டும்.

டாக்டர் என் நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இரண்டாவது தரம் வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. துடிப்பு ஒழுங்காக இல்லையாம். இனி நான் தனியாக ஓட்ட முடியாது. எந்த விமானத்தை வாங்கினாலும் அது கூழாங்கல்லில் நின்று துருப்பிடிக்கும். மே மாதத்தோடு ஏரியும் போயிற்று.

ஆங்கரேஜில் பதினாலு நாள் இருந்தேன். உன் நம்பரைத் தேடி எடுத்து, ஒரு கடையில் காசு போட்டுச் சுழற்றினேன். இரண்டு தரம் மணி அடித்தது. வைத்துவிட்டேன். பஸ் நிற்கும் இடத்துக்கும் போனேன். நாலு முறை. நாலு முறையும் பால்மர் பஸ் வந்தது, ஏறவில்லை.

இதை உனக்கு எழுத வேண்டும். எழுதினால், விமானம் வாங்க வழியில்லாதவனுக்கு எந்த விமானம் நல்லது என்று நீ ஏன் எழுதப் போகிறாய்? "டவுனுக்கு வந்துவிடு" என்று ஒரு வரி வரும். அத்தோடு முடிந்தது. ஆறு வருஷம் இந்தக் கடிதப் பெட்டிக்குள் உன் கையெழுத்து ஒன்றுகூட இல்லாமல் இருந்தது அக்கா. இப்போது இரண்டு கடிதம் இருக்கிறது.

நல்லவேளை, நீ ரேடியோ கேட்பதில்லை.

இதை மாவு டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.

•

கிரேலிங் ஏரி
நவம்பர் 15, 1979

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பனி முழங்கால் வரை வந்துவிட்டது. ஆங்கரேஜில் வேலை மேல் வேலை, பால்மர் வர நேரம் கிடைக்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ சொன்னது சரி. ஸ்டின்சன் எனக்கு ஆகாது. சூப்பர் கப்தான் என்று முடிவு செய்து, இரண்டு நாள் கழித்து மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. டெய்லர்கிராஃப்ட் எப்படி? அதில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாமே. குளிர்காலத்தில் பனி மேல் இறங்கச் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை மாட்ட எந்த விமானம் தோது? கட்டை மரத்தில் இருப்பது நல்லதா, உலோகமா? இன்ஜின் உறைந்துபோனால் எப்படிச் சூடாக்குவது? எல்லாம் விவரமாக எழுது. அவசரம் இல்லை. ஆனால் விவரமாக எழுது.

மெர்ல்

•

பால்மர்
நவம்பர் 26, 1979

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ பனியை அள்ளும்போது ஒரே மூச்சாக அள்ளாதே. கொஞ்சம் அள்ளு, உட்கார், பிறகு அள்ளு. உப்பில் ஊறிய இறைச்சியைக் குறைத்துக்கொள். வயசானவர்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறேன்.

டெய்லர்கிராஃப்ட் சிக்கனமானது, பறக்க ஆசைப்படும். இறங்கத்தான் ஆசைப்படாது. தரைக்கு ஒரு அடி மேலே மிதந்துகொண்டே போகும், உன் திட்டு முடிந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்பது உண்மை. ஆனால் தோளோடு தோள் இடிக்கும். நீ சொன்ன அந்த ஒருவனுக்கு அது ஏன்?

சறுக்குக் கட்டை மரமோ உலோகமோ, அடியில் வழவழப்பான தகடு இருக்கிறதா என்று பார். இறங்கியதும் பனி மேல் அப்படியே விட்டால் ஒட்டிக்கொண்டுவிடும். நிறுத்தும் இடத்தில் ஸ்ப்ரூஸ் கிளைகளை முன்கூட்டியே பரப்பி, அதன் மேல் ஏற்றி நிறுத்து. இன்ஜினுக்குப் பஞ்சு வைத்த போர்வை நானே தைப்பேன். அதற்குள் அடுப்புக் குழாயை விட்டு முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நில். காபி போட உள்ளே போகாதே. காபி போடப் போனவர்களின் விமானங்கள் எரிந்த கதை நிறைய உண்டு, ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பத்து பக்கம் எழுதலாம், விளக்கு மங்குகிறது. மாத்திரை ஏதாவது சாப்பிடுவதாக இருந்தால் நேரத்துக்குச் சாப்பிடு. இதுவும் பொதுவாகச் சொல்வதுதான்.

அக்கா

•

கிரேலிங் ஏரி
ஜனவரி 10, 1980

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்து. நலம். கிறிஸ்துமஸ் வாரம் ஆர்டன் வரவில்லை, அவன் பெண்டாட்டி விடவில்லையாம். மூஸ் மான் இறைச்சி வேகவைத்துச் சாப்பிட்டேன். எனக்கு நானே சீட்டாடினேன். ஏமாற்றிக்கூட தோற்றுப்போனேன். உன் கடிதங்களைத் தேதிப்படி அடுக்கி, முதலிலிருந்து சத்தமாக வாசித்தேன். விமானத்தைப் பற்றித்தானே எழுதியிருக்கிறாய், சத்தமாக வாசிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதே. வீட்டில் ஒரு குரல் கேட்டது, அவ்வளவுதான்.

சூப்பர் கப்பில் எனக்கு ஒரு குறை. பின்னால் உட்காருபவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியுமாம். முதுகைப் பார்த்துக்கொண்டு ஒருவன் எப்படிப் பேசுவான்? பின்சீட்டையே கழற்றப் போகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பாய். யோசனை வந்தது, கேட்டேன். அப்புறம் பழைய விமானத்தில் துணி நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? விரலால் குத்திப் பார்க்கலாம் என்கிறான் ஆர்டன். வால் சக்கரம் எப்படி இருக்க வேண்டும்?

போர்வை வந்தது. மடித்து வைத்திருக்கிறேன். ரொம்ப நேர்த்தியாகத் தைத்திருக்கிறாய்.

மெர்ல்

•

பால்மர்
பிப்ரவரி 4, 1980

அன்புள்ள தம்பிக்கு,

நலம். விரலால் குத்தினால் ஓட்டை விழும். ஆர்டன் கையைக் கட்டிப்போடு. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது.

சின்ன வயசில் உனக்குப் பூட்ஸ் வாங்கக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? கடையில் இருந்த அத்தனையும் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் பழைய பூட்ஸோடு வீட்டுக்கு வந்தாய். கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார். இப்போதும் அதே கதை. போன வாரம் இங்கே ஒரு சூப்பர் கப் விலைக்கு வந்தது. துணி புதிது, ஏனென்றால் நானே போர்த்தியது. உனக்குச் சொல்லி, நீ அதற்கு ஒரு குறை கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும். வேறு யாராவது என்றால் 'இந்த ஆள் வாங்கப் போவதே இல்லை' என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அடுத்த கேள்வியைக் கேள்.

வியாழன் ஆர்டன் திரும்பினால் வெள்ளிக்கிழமை உன் கடிதம் இங்கே வந்துவிடுகிறது. அன்று தபால் நிலையத்துக்கு நடந்தே போகிறேன். முட்டிக்கு நடை நல்லதாம். போகும்போது வலிப்பதில்லை. கடிதம் இல்லாத வெள்ளிக்கிழமை திரும்பும்போது வலிக்கிறது.

வால் சக்கரத்தைப் பற்றித் தனியாக இரண்டு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன்.

அக்கா

•

பால்மர்
மார்ச் 31, 1980

மெர்ல்,

நலம். இந்தக் கடிதத்தில் விமானத்தைப் பற்றி ஒரே விஷயம்தான். அந்த சூப்பர் கப்பை வாங்கிவிட்டேன். என் பெயரில்.

மருத்துவச் சான்றுக்குப் போனேன். அறுபத்தொரு வயசுக் கிழவியின் நெஞ்சில் டாக்டர் குழலை வைத்துக் கேட்டபோது திருடி மாதிரி அசையாமல் இருந்தேன். கொடுத்துவிட்டார். டேல் இருந்தவரை நானும் ஓட்டியிருக்கிறேன், அவர் போன பிறகு விமானத்தின் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. இப்போது வாரம் மூன்று நாள் போகிறேன். முதல் நாள் இன்ஜினைப் போடாமலே இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன், சொல்லிக்கொடுத்த பையன், "பாட்டி, காபி குடிச்சிட்டு வரலாமா?" என்றான்.

நவம்பர் 7ஆம் தேதி மதியம் உன் சேதியை நான் கேட்டேன். புதைத்த அன்று எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னேன், சரிதான். ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த நேரத்தில் ரேடியோவை நான் அணைத்ததில்லை. உனக்கு ஏதாவது என்றால் அதில்தான் வரும். உன் பெயர் வராத ஒவ்வொரு மதியமும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று வந்தது. நீ எழுதுவாய் என்று பார்த்தேன். நீ சறுக்குக் கட்டையைப் பற்றிக் கேட்டாய். சரி, இவனும் இது நின்றுவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நானும் சறுக்குக் கட்டையைப் பற்றியே எழுதினேன்.

உன் ஏரியை விட வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை நான் வருவேன். மூன்று வருஷமோ நாலு வருஷமோ, என் கை ஒழுங்காக இருக்கும் வரை. அதற்குப் பிறகு நம் இரண்டு பேரையும் வேறு யாராவதுதான் தூக்க வேண்டும்.

ஆனால் அங்கே வர வேண்டுமானால் அந்தக் கணவாய் வழியாகத்தான் வர வேண்டும். டேல் விமானத்தோடு விழுந்த இடத்தைத் தாண்டித்தான். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்று நான் ரேடியோவில் சேதி அனுப்பினேன். "கணவாயில் மூடுபனி, டேலை இன்று அங்கேயே நிறுத்தி வை" என்று. பேட்டரி செத்துவிட்டது, கேட்கவில்லை என்று நீ சொன்னாய். மறுநாள் தேட வந்த ஆர்டன், உன் வீட்டு மேஜை மேல் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாக என்னிடம் சொன்னான்.

பேட்டரி செத்துப்போயிருந்ததா?

லியோனா

•

கிரேலிங் ஏரி
ஏப்ரல் 17, 1980

அக்கா,

உன் கடிதம் 3ஆம் தேதியே வந்தது. ஆர்டன் இரண்டு குவளை காபி குடித்துக் காத்திருந்தான். அவனை வெறுங்கையோடு அனுப்பினேன். பதினாலு நாளாக எழுதிக் கிழித்தது இது.

பேட்டரி சாகவில்லை.

அத்தான் மாதம் ஒரு முறை வருவார். வந்தால் மூன்று மணி நேரம் இருப்பார். அந்த மூன்று மணி நேரத்துக்காக நான் இருபத்தொன்பது நாள் பேச்சைச் சேர்த்து வைப்பேன். அன்று அப்பம் சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் நீ கத்தரிக்கோலைத் தொலைத்துவிட்டு ஹாங்கரையே தலைகீழாகப் புரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோவில் சேதி படிக்க ஆரம்பித்தார்கள். எவனுக்கோ ரம்பம் வந்துவிட்டது, எவளுக்கோ பிறந்தநாள். அவர் பேச்சுக்கு நடுவே அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய் அணைத்தேன்.

"ஏண்டா அணைச்சே?" என்று கேட்டார்.

"நமக்கு யாரு சேதி அனுப்பப் போறாங்க? நீங்க கதையைச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். சிரித்தோம். ஒன்றரைக்குக் கிளம்பினார். கையை ஆட்டினார். மறுநாள் காலையில்தான் மறுபடி ரேடியோவைப் போட்டேன். அவரைத் தேடுகிறார்கள் என்று அதில்தான் கேட்டேன்.

நீ கேட்டபோது பேட்டரி என்று வாயில் வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் அதை அணைத்ததில்லை. ஆறு வருஷத்தில் பதினோரு பேட்டரி மாற்றிவிட்டேன். யாராவது வந்தாலும் அணைப்பதில்லை. ஆர்டனைத் தவிர யாரும் வருவதும் இல்லை.

கணவாய் வழியாக நீ வர வேண்டாம் என்று நினைத்தால் வர வேண்டாம். நான் மூட்டையைக் கட்டுகிறேன். விமானத்தை விற்றுவிடு. போர்வையை ஆர்டனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை.

மெர்ல்

•

கிரேலிங் ஏரி
மே 29, 1980, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

மே 1ஆம் தேதி கடிதம் இல்லை என்று ஆர்டன் கையை விரித்தான். 15ஆம் தேதியும் விரித்தான். பால்மரில் உன்னைப் பார்த்தானா என்று கேட்டேன். "ரன்வேல இருந்தாங்க. விமானத்தை ஏத்துறாங்க, எறக்குறாங்க, மறுபடி ஏத்துறாங்க. யார்கிட்டயும் பேசலை" என்றான். நான் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். இருபத்திரண்டு வருஷச் சாமான் ஒன்பது பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ரேடியோவை மட்டும் கட்டவில்லை.

நேற்று மதியம் அதில் உன் சேதியைப் படித்தார்கள். அந்த அறிவிப்பாளர் இந்த முறையும் மூச்சு விடவில்லை. "கிரேலிங் ஏரி மெர்லுக்கு. பால்மரிலிருந்து லியோனா. ரேடியோ போட்டிருக்கிறாய் என்று தெரியும். ஜூன் 12 வியாழன் வருகிறேன். வானம் நன்றாக இருந்தால் மட்டும். திட்டு முனையில் கொடி கட்டி வை. மாவு எத்தனை மூட்டை?" அடுத்த சேதி யாருக்கோ படகு இன்ஜின்.

பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். நானூறு மைலில் யாரும் பார்க்கவில்லை, அதனால் எழுதுவதில் வெட்கம் இல்லை.

பெட்டிகளை அவிழ்த்துவிட்டேன். கொடி கட்டிவிட்டேன், என் சிவப்புச் சட்டை. இது ஆர்டனின் கடைசிப் பயணம். இனி என்னை இங்கே திருப்பிக் கொண்டுவர உன் விமானத்தைத் தவிர வேறு விமானம் இல்லை. தெரிந்துதான் செய்கிறேன். அவன் காபியை முடித்துவிட்டான், என் பை அவன் விமானத்தில் ஏறிவிட்டது. மாத்திரையும் அதில் இருக்கிறது. ஆங்கரேஜிலிருந்து பஸ் பிடிக்கிறேன். நாற்பது மைல்தானே. அந்தக் கணவாயை நீ தனியாகத் தாண்ட வேண்டாம். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறேன், பேச வேண்டியது எல்லாம் அதைப் பார்த்தே பேசிக்கொள்ளலாம்.

இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை. நானே கையில் கொண்டுவருகிறேன். வாசலில் உன்னைப் பார்த்ததும் எனக்கு வாய் வராது, அப்போது இதை உன்னிடம் கொடுப்பேன்.

மாவு வேண்டாம். பின்சீட்டைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டி வை.

தம்பி,
மெர்ல்